தே தாரிக் கொட்டின லேப்டாப், உள்ள தீசிஸ் மாட்டிக்கிச்சு, என்ன செய்யலாம்?

கவி_பந்தாய்டாலாம்:

வணக்கம் எல்லாருக்கும், ரொம்ப அவசரம், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. இப்பதான் சாயங்காலம் பந்தாய் டாலாம்ல ஒரு மாமாக் கடையில உக்காந்து தீசிஸ் எழுதிக்கிட்டு இருந்தேன், பக்கத்து மேசை சின்னப் பையன் ஓடியாந்து இடிச்சதுல ஒரு கிளாஸ் தே தாரிக் முழுசும் கீபோர்டு மேல சாஞ்சிருச்சு. ஸ்கிரீன் கொஞ்ச நேரம் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் அதுவா அணைஞ்சிருச்சு. சார்ஜர் அப்ப சொருகி இல்ல. துணியால மேல தொடச்சு ரூமுக்கு கொண்டு வந்துட்டேன், இப்ப கவுத்துப் போட்டு ஃபேன் போட்டு வச்சிருக்கேன்.

லெனோவோ ஐடியாபேட், விண்டோஸ் 11, வாங்கி ஒரு வருசம் ஆகல. யூனிவர்சிட்டி மலாயாவுல மாஸ்டர்ஸ் பண்றேன், அடுத்த வாரம் சூப்பர்வைசருக்கு முழு டிராஃப்ட் குடுக்கணும், எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு. அம்மா போன்ல அரிசி வாளிக்குள்ள வைன்னு சொல்றாங்க, ஹவுஸ்மேட் ஹேர் டிரையர் எடுத்துக்கிட்டு நிக்கிறா. ஒரு தடவ ஆன் பண்ணி பாக்கலாமா? வாரண்டில போட முடியுமா? லேப்டாப் போனாக்கூட பரவால்ல, ஃபைல் மட்டும் கெடைச்சா போதும்.

சோல்டர்அண்ணன்_பட்டர்வொர்த்:

ஆன் பண்ணாத தங்கச்சி. சார்ஜரும் சொருகாத. யாரு என்ன சொன்னாலும் பவர் பட்டன் மேல கை வைக்காத, மத்தது எல்லாம் அப்புறம்.

நான் முன்னாடி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ரீவொர்க் லைன்ல இருந்தவன், இப்ப பட்டர்வொர்த்ல லேப்டாப் மதர்போர்டு ரிப்பேர்தான் தொழில், இந்த மாதிரி கேஸ் நெறைய பாக்குறேன். நீ கவனிக்க வேண்டிய விசயம் ஒண்ணு இருக்கு. ஸ்கிரீன் அணைஞ்சிருச்சு, அதனால உள்ள கரண்டு இல்லன்னு நெனச்சிருப்ப. அப்படி இல்லம்மா. பேட்டரி போர்டோட சேந்துதான் இருக்கு, நீ பட்டன அமுக்குறப்ப மெசின் முழிக்கணும்ல, அதுக்காக சில லைன்ல 3.3 வோல்ட், 5 வோல்ட் எந்நேரமும் நின்னுக்கிட்டேதான் இருக்கும். அந்த லைன் மேல டீ நிக்கிறப்ப ஒரு பின்லேருந்து செம்பு கரைஞ்சு பக்கத்துப் பின்னுக்குப் போகும், ஓரத்துல பச்சையா பூக்கும், அப்புறம் ரெண்டு பின்னும் ஒட்டி ஷார்ட் ஆயிரும். ஈரம் பாதி கெடுக்குதுன்னா மீதிய கெடுக்குறது அந்த பேட்டரிதான். அதனால ஃபேன் காத்த விட முக்கியமான வேலை பேட்டரி கனெக்டர கழட்டுறது, அதுவும் இன்னிக்கு ராத்திரியே.

அரிசி வேண்டாம். அம்மா அக்கறைலதான் சொல்றாங்க, ஆனா அரிசி கீபோர்டுக்கு கீழ தேங்குன டீயப் போயி உறிஞ்சாது, தூசியும் உமியும் யூஎஸ்பி ஓட்டைக்குள்ள போறதுதான் மிச்சம். ஹேர் டிரையரும் வேண்டாம், சூடு பட்டா கீ எல்லாம் வளைஞ்சிரும், காத்து ஈரத்த இன்னும் உள்ள தள்ளிரும். அதுவும் இது தே தாரிக், டின் பால்ல பாதிக்குக் கிட்ட சக்கரைதான், தண்ணி காஞ்சாலும் சக்கரையும் பாலும் போர்டு மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரத்த அது இழுத்து வச்சிக்கிட்டே இருக்கும். காய வைக்கிறது ஒரு வேலை, கழுவுறது வேற வேலை. தே தாரிக் கேஸ்ல கழுவாம தீராது.

வாரண்டி பத்தி. சாதாரண வாரண்டில தண்ணி டீ கொட்டினது வராது, எந்தக் கம்பெனியா இருந்தாலும் அப்படித்தான். ஆனா வாங்குறப்ப ஆக்ஸிடென்டல் டேமேஜ் புரொடெக்‌ஷன்னு தனியா சேத்து வாங்கியிருந்தா அதுல வரும், ரெசிட்ட எடுத்துப் பாரு, இல்லன்னா லெனோவோ வெப்சைட்ல சீரியல் நம்பர் போட்டா காட்டும். அந்த பிளான் இருந்தா நீ தொறக்காத, காலைல மொத வேலையா அவங்களுக்குப் போன் போடு, ஆனா ஃபைலுக்கு அவங்க பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க, அதனால ஃபைல் எல்லாம் இருக்குற டிஸ்க், அதாவது எஸ்எஸ்டிய, அழிக்காம மாத்தாம திருப்பித் தரணும்னு மொதல்லயே எழுத்துல கேட்டுரு. பிளான் இல்லன்னா தொறந்துரு, இழக்குறதுக்கு ஒண்ணும் இல்ல.

தொறக்குறது பெரிய வித்தை இல்ல. அடிமூடில சின்ன நட்சத்திர ஸ்குரூ இருக்கும், சிலது நீட்டம் சிலது கட்டை, எது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல மூடி மாதிரியே வரைஞ்சு அந்தந்த இடத்துல ஸ்குரூவ வை. அப்புறம் பழைய பேங்க் கார்டு ஒண்ண ஓரத்துல விட்டு மெதுவா நகத்து, டக்கு டக்குன்னு விடும். உள்ள அகலமா கறுப்பா இருக்குறது பேட்டரி, அதுலேருந்து போர்டுக்குப் போற வயர் முடியுற எடத்துல கனெக்டர் இருக்கும், வயரப் புடிச்சு இழுக்காம நகத்தால ரெண்டு பக்கமும் தள்ளி எடு. பேட்டரி மேலயே டீ பட்டிருந்தாலோ கொஞ்சம் உப்பியிருந்தாலோ அத அமுக்காத, குத்தாத, தனியா எடுத்து வச்சிரு.

அடுத்தது எஸ்எஸ்டி. சூயிங்கம் அளவுல ஒரு பச்சை இல்ல கறுப்பு அட்டை, ஒரே ஒரு ஸ்குரூ, கழட்டுனதும் லேசா சாஞ்சு நிக்கும், அப்படியே வெளிய இழு. உன் தீசிஸ் அதுக்குள்ளதான் இருக்கு, மிச்ச மெசின் என்ன ஆனாலும் பரவால்ல. தொறந்ததும் படம் எடுத்து இங்க போடு.

செந்தூல்_மலர்:

அண்ணன் சொன்ன எல்லாத்தையும் செய் மா, ஆனா அதுக்கு முன்னாடி போன எடுத்து ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் ஸ்டோரேஜ்) ஆப் போட்டு லாகின் பண்ணிப் பாரு. விண்டோஸ் 11 செட்டப் பண்றப்பவே டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ரெண்டையும் ஒன்டிரைவ்ல ஏத்துறதுக்கு கேக்கும், நெறைய பேரு ஓகே குடுத்துட்டு அப்படி ஒண்ணு ஓடுறதே தெரியாம இருக்காங்க. சூப்பர்வைசருக்கு இமெயில்ல அனுப்புன பழைய சாப்டர், கோர்ஸ்மேட்டுக்கு வாட்ஸாப்ல அனுப்புன ஃபைல், யூனி பிரிண்டிங் கடைக்கு அனுப்புனது, எல்லாத்தையும் தேடி ஒரே எடத்துல சேத்து வை. முழுசா கெடைக்காட்டியும் நெஞ்சு படபடப்பு கொறையும்.

இன்னொண்ணு, இது பல பேரு கடைசில வந்து முட்டிக்கிற எடம். விண்டோஸ் 11ல நெறைய புது லேப்டாப்ல டிஸ்க் தானாவே பிட்லாக்கர்ல பூட்டித்தான் வரும். உன் சொந்த லேப்டாப்ல இருக்குறப்ப அது தெரியவே தெரியாது, அதே எஸ்எஸ்டிய கழட்டி வேற மெசின்ல சொருகினா 48 எண் ரெக்கவரி கீ கேக்கும். அது இல்லன்னா எந்தக் கடைக்காரர் நெனச்சாலும் தொறக்க முடியாது. உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வெப்சைட்டுக்குப் போயி டிவைசஸ் பக்கத்துல பாரு, அங்க ரெக்கவரி கீன்னு இருக்கும், ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்க. யூனி இமெயில் போட்டு செட்டப் பண்ணியிருந்தா கீ யூனி அக்கவுண்ட் பக்கம் இருக்கலாம், அப்ப யூனி ஐடி ஆபீஸ்ல கேக்கணும், நாளைக்கு ஆபீஸ் டைம்ல போயிரு. பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு இப்ப பதட்டத்துல தப்பு தப்பா போட்டு அக்கவுண்ட லாக் பண்ணிடாத.

ராஜா_சுங்கைபூலோ:

எனக்கும் இப்படி ஆயிருக்கு, என்னோடது தே ஓ கொசோங். நல்லா காய வச்சுட்டு ஆன் பண்ணேன், இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ரொம்ப பயப்படாதீங்க சிஸ்டர், தொறந்து நோண்டி இன்னும் கெடுத்துக்கப் போறீங்க, பேசாம ஒரு வாரம் விட்டுட்டுப் பாருங்க.

சோல்டர்அண்ணன்_பட்டர்வொர்த்:

தம்பி, உங்களுக்கு ஓடுனது சந்தோசம், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. தே ஓ கொசோங்ல பாலும் இல்ல சக்கரையும் இல்ல, காஞ்சப்புறம் மிஞ்சுறது கொஞ்சம் கறைதான். தே தாரிக்க ஒரு வாரம் பேட்டரியோட விட்டா அந்த ஒரு வாரமும் உள்ள அரிச்சிக்கிட்டே இருக்கும். எங்கிட்ட வர்றதுல ரொம்ப மனசு கஷ்டமா இருக்குறது இந்த மாதிரி மெசின்தான், காய வச்சாங்க, ஆன் ஆச்சு, நல்லா ஓடுதுன்னு நம்பி பேக்கப்கூட எடுக்காம மறுபடி அதுலயே வேலை செஞ்சாங்க, சில மாசம் கழிச்சு ஒரு நாள் சார்ஜ் ஏறாது, தொறந்து பாத்தா சார்ஜ் ஏத்துற சிப்பு சுத்தி பச்சையா பூத்திருக்கும். கொட்டின அன்னைக்கே கழுவியிருந்தா அது பொழைச்சிருக்கும். உங்க மெசினையும் ஒரு தடவ தொறந்து பாத்துருங்க தம்பி, நல்லதுக்குத்தான் சொல்றேன்.

கிள்ளான்_சேகர்:

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இத படிங்க தங்கச்சி. கேஎல்ல இருந்தா புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவ எல்லாரும் சொல்லுவாங்க, அங்க போர்டு ரிப்பேர் பண்றவங்களும் இருக்காங்க, வெறும் பார்ட்ஸ் மாத்துறவங்களும் இருக்காங்க, கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். "மைக்ரோஸ்கோப் இருக்கா, போர்ட கழுவுவீங்களா"ன்னு நேரா கேளுங்க. மதர்போர்டு மாத்தணும்னு தொறக்காமலே சொல்றவங்கிட்ட குடுக்காதீங்க.

என் அக்கா மகளுக்கு ஒரு கடையில, பேரு வேண்டாம், பாக்குறதுக்கு காசு இல்லன்னு வாங்கி வச்சிக்கிட்டு அப்புறம் கேக்காமலே கீபோர்டு மாத்திட்டோம், காசு கட்டுனாத்தான் மெசினக் குடுப்போம்னு நின்னாங்க. சின்னப் பொண்ணு, பயந்துபோயி கட்டிட்டா. எனக்கு இன்னும் வயிறு எரியுது. குடுக்குறப்பவே பேப்பர்ல எழுதி வாங்குங்க: செக் பண்ண எவ்வளவு, கேக்காம எதுவும் மாத்தக்கூடாது, டேட்டா அழிக்கக்கூடாது, வேண்டாம்னா எவ்வளவு கட்டி எடுத்துக்கலாம். சண்டைன்னு வந்தா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, மலாய்ல திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் போடலாம், பதியுறதுக்கு 5 வெள்ளிதான், லாயர் வைக்க வேண்டாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல ரிப்பேர் மாதிரி சேவையையும் நியாயமான கவனத்தோட, திறமையோட செஞ்சு குடுக்கணும்னு இருக்கு. நம்ம ஆளுங்க பல பேருக்கு இது தெரியாமலே காச விட்டுட்டு வர்றாங்க.

கவி_பந்தாய்டாலாம்:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சீரியல் நம்பர் போட்டுப் பாத்தேன், டேமேஜ் பிளான் இல்ல. அதனால நேத்து ராத்திரியே கோர்ஸ்மேட் ஒருத்தர் ஸ்குரூடிரைவர் கொண்டு வந்தாரு, தொறந்து பேட்டரி கனெக்டர எடுத்துட்டோம். கீபோர்டுக்கு நேர் கீழ போர்டு ஓரத்துல பழுப்பா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பேட்டரி மேல ஒண்ணும் இல்ல, எஸ்எஸ்டி இருந்த மூலை காஞ்சுதான் இருந்துச்சு.

ஒன்டிரைவ்ல மூணு சாப்டர் இருந்துச்சு, ஆனா இன்டர்வியூ டேட்டாவும் நாலாவது சாப்டரும் இல்ல, அது வேற ஃபோல்டர்ல வச்சிருந்தேன். இன்னிக்கு எஸ்எஸ்டிய போடுற யூஎஸ்பி கேஸ் ஒண்ணு வாங்கி கோர்ஸ்மேட் லேப்டாப்ல சொருகினோம், மலர் அக்கா சொன்ன மாதிரியே கீ கேட்டுச்சு, நேத்தே எழுதி வச்சிருந்ததால போட்டதும் தொறந்துருச்சு. எல்லாத்தையும் காப்பி பண்ணியாச்சு. அக்கா நீங்க சொல்லலன்னா அந்த எடத்துல நான் அழுதிருப்பேன்.

இப்ப மெசின என்ன செய்யுறது? நானே கழுவலாமா, இல்ல கடையா? ஸ்காலர்ஷிப் காசுலதான் ஓடுது, புதுசு இப்ப முடியாது.

சோல்டர்அண்ணன்_பட்டர்வொர்த்:

ரொம்ப நல்ல செய்தி தங்கச்சி, காலைலேருந்து உன் பதிலத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். காப்பி பண்ணத இன்னொரு எடத்துலயும் வச்சிரு, அந்த எஸ்எஸ்டிய இப்போதைக்கு திருப்பி மாட்டாத.

போட்ட படத்த பெருசு பண்ணிப் பாத்தேன், பழுப்புதான் தெரியுது, பச்சை பூக்கல, பேட்டரிய சீக்கிரம் எடுத்தது நல்லதாப் போச்சு. நீயே செய்யணும்னா 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேணும், கேஎல்ல புடு பக்கம் ஜாலான் பாசார்ல எலெக்ட்ரானிக் சாமான் விக்கிற கடைங்கள்ல கேளு. ஃபார்மசில விக்கிற 70% வாங்காத, மீதி தண்ணிதான். மிருதுவான டூத்பிரஷ்ல நனைச்சு பழுப்பு போற வரைக்கும் தேய், ஜன்னலத் தொறந்து வச்சிட்டு செய், பக்கத்துல அடுப்பு ஊதுபத்தி எதுவும் கூடாது. ஆனா சிப்புக்கு அடில போனது பிரஷ்ஷுக்கு எட்டாது, அதுக்கு போர்ட வெளிய எடுத்து ஒலி அதிர்வுல அழுக்க எடுக்குற அல்ட்ராசோனிக் தொட்டில போட்டுக் கழுவணும். கையில அவ்வளவு நேரம் இல்ல, டிராஃப்டும் குடுக்கணும், அதனால கழுவுறத மட்டும் ஒரு போர்டு ரிப்பேர் கடையில குடுத்துரு, சேகர் அண்ணன் சொன்ன மாதிரி எழுதி வாங்கிக்கிட்டு.

கீபோர்டு பொழைக்காது, அத இப்பவே சொல்லிர்றேன். பால் போன கீபோர்டு ஒட்டும், இல்லன்னா அதுவா எழுத்து அடிச்சிக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி மெல்லிசு மாடல் பலதுல கீபோர்டு மேல் மூடியோட சேத்து அடிச்சிருக்கும், மூடியோடதான் மாத்தணும், அதனால வெலை கேக்குறப்ப தனியா கேளு. அது வரைக்கும் கீபோர்டு கேபிள கழட்டிட்டு ஒரு யூஎஸ்பி கீபோர்டு சொருகினா போதும், ஆனா ஆன் பண்ற பட்டனும் அதே கேபிள்ல வருதான்னு ரிப்பேர் பண்றவர்கிட்ட கேட்டுக்க.

கழுவி முடிச்சப்புறம் மொத தடவ ஆன் பண்றத கடையிலயே அவர் முன்னாடி பண்ணச் சொல்லு. அவர் என்ன வெலை சொன்னாருன்னு இங்க போடு, நியாயமான்னு பாத்து சொல்றேன்.

செந்தூல்_மலர்:

கவி, டிராஃப்ட் வரைக்கும் மெசின் இல்லன்னா யூனி லைப்ரரில கம்ப்யூட்டர் இருக்கும்ல, மா. அதுவும் சரிவரலன்னா எங்கிட்ட பழைய லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு, வேர்ட் நல்லா ஓடும். செந்தூல் எல்ஆர்டிகிட்ட வந்து வாங்கிக்கலாம், தனி மெசேஜ் போடு.