சித்தியின் வீணை வகுப்புக்குப் பழைய போனே கேமரா

குழு: நம் வீட்டு மக்கள்

வெள்ளிக்கிழமை

சித்தி: கண்ணா, நேரம் கிடைக்கும்போது பார். ஜூமில் என்னிடம் வீணை கற்கும் சிங்கப்பூர் பெண்ணுக்கு என் இடது கை தெரியவே இல்லையாம். லேப்டாப்பில் என் முகமும் வீணையின் குடமும்தான் விழுகிறதாம். ஒரு வெப்கேம் வாங்கிவிடட்டுமா? மூவாயிரம் ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

நான்: வேண்டாம் சித்தி, பணத்தைப் போடாதீர்கள். உங்கள் பழைய போன் பீரோவில்தானே இருக்கிறது? அதையே லேப்டாப்புக்குக் கேமராவாக வைத்துக்கொள்ளலாம்.

மாமா: போன் எப்படி மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குக் கேமரா ஆகும்?

நான்: போன் எடுக்கும் படத்தைக் கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் மாமா. லேப்டாப்பில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் அதை வாங்கி, ஜூமுக்கு வெப்கேம் மாதிரியே காட்டிவிடும். ஜூமைப் பொறுத்தவரை அது பட்டியலில் இருக்கும் இன்னொரு கேமரா.

சித்தப்பா: லேப்டாப் போன வருடம் வாங்கியது. போனுக்கு ஐந்தாறு வயது ஆகிறது. அது எப்படி இதைவிட நன்றாக இருக்கும்?

நான்: லேப்டாப் மூடி எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள் சித்தப்பா. அந்தச் சில மில்லிமீட்டருக்குள் திரையும் வேண்டும், கேமராவும் வேண்டும். அதனால் லென்ஸும், ஒளியைப் படமாக்கும் சென்சாரும் மிகச் சிறியவையாகத்தான் இருக்க முடியும். நிறைய லேப்டாப்பில் இன்னும் 720பி கேமராதான். அதாவது 1280க்கு 720, மொத்தம் 9 லட்சம் புள்ளி சொச்சம். சித்தியின் பழைய போனே 1080பி வீடியோ தரும், அது 20 லட்சத்துக்கு மேல். ஆனால் புள்ளிக் கணக்கைவிட சென்சாரின் அளவுதான் முக்கியம். மாலை வெளிச்சத்தில் சின்ன சென்சார் திணறும். படம் மணல் மணலாக வரும், விரல் வேகமாக நகர்ந்தால் கலங்கிப் போகும். வீணையில் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த விரல்தான்.

சித்தி: ஆமாம் கண்ணா. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்கு, வீணைத் தண்டியில் ரிஷபத்துக்கான மெட்டில் கம்பியை எவ்வளவு இழுக்கிறேன் என்று பார்க்காமல் அவளுக்கு எப்படிப் பிடிபடும்? வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அக்கா: எனக்கு இது ரொம்ப சுலபமாக வந்துவிட்டது. மேக்கில் 2022-இல் வென்ச்சுரா பதிப்பு வந்ததிலிருந்து ஐஃபோனைப் பக்கத்தில் வைத்தால் போதும், அதுவே கேமரா பட்டியலில் வந்து நிற்கும். ஐஃபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். ஐஃபோன் 11-இலிருந்து மேசையை மேலிருந்து காட்டும் வசதியும் உண்டு. ஆபீசில் நோட்டில் வரைந்து காட்ட அதைத்தான் வைத்திருக்கிறேன்.

சித்தி: என்னிடம் மேக்கும் இல்லை, ஐஃபோனும் இல்லையே பாப்பா.

தம்பி: சித்தி, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதே மீட்டிங்கில் போனிலிருந்தும் நுழைந்துவிடுங்கள். லேப்டாப்பில் முகம், போனில் கை. இரண்டு பெட்டி தெரியும்.

நான்: இவன் சொல்வது நல்ல வழி. இன்றே செய்து பாருங்கள். ஒன்றுதான் கவனம்: போனில் நுழையும்போது ஆடியோவில் சேரக் கூடாது. மைக்கும் ஸ்பீக்கரும் இரண்டிலும் ஓடினால் ஊளையிடும்.

சித்தி: அந்தப் பெண் டேப்லெட்டில் பார்க்கிறாள். இரண்டு பெட்டி வந்தால் என் கை தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும்.

நான்: அவள் உங்கள் கை இருக்கும் பெட்டியைத் தொட்டு, ஜூமில் 'பின்' (pin) என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது பெரிதாகும். ஆனால் வகுப்பு நடுவில் முகம், கை என்று அவளை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்வது சரியல்ல. மாற்றுவது உங்கள் கையில் இருக்கட்டும். போனை வெப்கேமாகவே இணைத்துவிட்டால், வீடியோ பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டு எந்தக் கேமரா வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

மாமா: அதற்கு என்ன போட வேண்டும்?

நான்: விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்டே 2024-இல் ஒரு வழி கொடுத்துவிட்டது மாமா. போனில் 'லிங்க் டு விண்டோஸ்' செயலி, லேப்டாப் செட்டிங்ஸில் 'மொபைல் டிவைசஸ்' என்ற பகுதியில் அனுமதி. ஆண்ட்ராய்டு 9 இருந்தாலே போதும். ஆனால் அது வைஃபையில் போவது. சித்தி வீட்டில் ரவுட்டர் மாடியில், வீணை அறை கீழே பின்பக்கம். சிக்னல் தளர்ந்தால் படம் தாமதமாகும்; ஒலி முன்னால் போகும், விரல் பின்னால் வரும். பேச்சுக்கு அது பரவாயில்லை, பாட்டுக்கு ஆகாது. நாம் கேபிளிலேயே போகலாம்.

சித்தப்பா: என் புதுப் போனில் கேபிள் சொருகினாலே வெப்கேம் என்று ஒரு வரி வருகிறதே?

நான்: அப்படியா! அப்படியென்றால் உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறது சித்தப்பா. ஆண்ட்ராய்டு 14-இல் வந்தது. லேப்டாப்பில் தனியாக எதுவும் போட வேண்டாம், சாதாரண யுஎஸ்பி வெப்கேம் மாதிரியே எடுத்துக்கொள்ளும். எல்லாக் கம்பெனியும் தங்கள் போனில் அதை வைப்பதில்லை.

சித்தி: அவர் போனை நான் எடுத்தால் நடுவில் பத்து அழைப்பு வரும். என் பழைய போனுக்கே வழி சொல்.

நான்: அதில் ஆண்ட்ராய்டு 10 தானே. ட்ராய்ட்கேம் போடலாம். போனில் பிளே ஸ்டோரிலிருந்து செயலி, லேப்டாப்பில் அவர்களுடைய தளத்திலிருந்து மென்பொருள். கேபிளில் ஓட வேண்டுமென்றால் போனில் 'யுஎஸ்பி டீபக்கிங்' என்பதை இயக்க வேண்டும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' உள்ளே போய், 'பில்ட் நம்பர்' என்ற வரியை 7 முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதற்குள் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது, அனுமதி பெற்ற கம்ப்யூட்டர் போனுக்குள் நிறையச் செய்ய முடியும்.

சித்தப்பா: எங்கள் நண்பர் குழுவில் யாரோ 'முழு பதிப்பு இலவசம்' என்று இதே மாதிரி ஒன்றுக்கு லிங்க் போட்டிருந்தார்கள். அனுப்பட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம் சித்தப்பா, திறக்கவும் வேண்டாம். கேமராவையும் மைக்கையும் கொடுக்கிற செயலி இது. யார் செய்தது என்று தெரியாத ஒன்றிடம் வீட்டுக்குள் பார்க்கும் கண்ணைக் கொடுக்கக் கூடாது.

தம்பி: இன்னொரு விஷயம். உலகத்தின் முதல் வெப்கேமும் கையில் கிடைத்த சாமானை வைத்துச் செய்ததுதான். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில், காபி பாத்திரத்தில் காபி மிச்சம் இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமராவைத் திருப்பி வைத்தார்கள். 1993-இல் அது இணையத்துக்கு வந்தது, 2001 வரை ஓடியது.

சித்தப்பா: காபிக்காக என்றால் நியாயம்தான்.

சனிக்கிழமை

சித்தி: கண்ணா, கேபிள் சொருகினால் சார்ஜ்தான் ஏறுகிறது. லேப்டாப் போனைக் கண்டுகொள்ளவே இல்லை.

நான்: அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கும் சித்தி. மலிவான கேபிள்களில் மின்சாரத்துக்கு மட்டும் கம்பி வைத்து, தகவலுக்கான கம்பியை விட்டுவிடுவார்கள். போனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடுங்கள்.

சித்தி: கிடைத்துவிட்டது. படம் வருகிறது! இவ்வளவு தெளிவா! மெட்டுக்கு அடியில் இருக்கும் மெழுகு கூடத் தெரிகிறது. இப்போது போனை எங்கே வைக்க? எதிரே ஸ்டூலில் வைக்கட்டுமா?

நான்: எதிரே வைத்தால் அவளுக்கு எல்லாம் திரும்பித் தெரியும். உங்கள் இடது கை அவள் திரையில் வலது பக்கம் இருக்கும். அதை மனத்துக்குள் திருப்பிப் போட்டுத்தான் அவள் தன் வீணையில் வைக்க வேண்டும். உங்கள் இடது தோளுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே வைத்து, தண்டியை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். அவள் குனிந்து தன் வீணையைப் பார்க்கும்போது எப்படித் தெரியுமோ அப்படியே உங்களுடையதும் தெரியும்.

சித்தி: இது எனக்குத் தோன்றவில்லையே. நேரில் சொல்லிக்கொடுக்கும்போது அவளும் எதிரேதானே உட்கார்ந்திருப்பாள்.

நான்: நேரில் எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்து வைப்பீர்கள் சித்தி. இங்கே அது முடியாது, கேமராவாவது உங்கள் பக்கம் வந்து உட்காரட்டும். போனைப் படுக்கைவாக்கில் வையுங்கள், பின்பக்கக் கேமராவையே எடுங்கள். 24 மெட்டும் வர வேண்டும் என்று தள்ளி வைக்க வேண்டாம், அன்றைக்குச் சொல்லித்தரும் இடம் தெரிந்தால் போதும்.

சித்தப்பா: கச்சேரிக்கு எடுத்துப்போகும் மைக் ஸ்டாண்டில் போன் பிடிக்கிற கிளிப் ஒன்று மாட்டிவிட்டேன். ஆடாமல் நிற்கிறது.

நான்: அருமை சித்தப்பா. ஜன்னல் கேமராவின் எதிரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன் உறையைக் கழற்றிவிடுங்கள், ஒரு மணி நேரம் வீடியோ ஓடினால் சூடாகும், கூடவே சார்ஜும் ஏறும்.

சித்தி: இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். தம்பூரா வைத்தால் அவளுக்கு விட்டு விட்டுத்தான் கேட்கிறதாம். நீண்ட கார்வை கொடுத்தாலும் பாதியில் தேய்ந்துவிடுகிறதாம். என் லேப்டாப் மைக் கெட்டுவிட்டதா?

நான்: மைக் நன்றாகத்தான் இருக்கும் சித்தி. ஜூமின் இரைச்சல் நீக்கும் வேலை இது. மின்விசிறி மாதிரி ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். தம்பூராவும் சீராகத்தானே ஒலிக்கிறது? ஆடியோ செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வகுப்பு ஆரம்பித்ததும் திரையின் மேலே அதே பெயரில் வரும் பொத்தானையும் போடுங்கள். அவளும் தன் பக்கம் போட வேண்டும், இல்லையென்றால் அவள் வாசிப்பது உங்களுக்குத் தேய்ந்து கேட்கும். இரண்டு பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் எதிரொலித் தொந்தரவு இருக்காது.

அக்கா: டேய், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எத்தனை சங்கீத ஆசிரியர்கள் இது தெரியாமல் மைக்குக்குப் பணம் கொடுக்கிறார்களோ. என் தோழி வயலின் சொல்லித்தருகிறாள், அவளுக்கும் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

சித்தி: நேற்று 5 மணிக்கு வகுப்பு முடிந்தது, அங்கே ஏழரை. தோளுக்குப் பின்னாலிருந்து காட்டினேன். காந்தாரத்தை அவள் இழுத்த விதமே மாறிவிட்டது. இவ்வளவு நாளாக கமகத்தை விரலை நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள், கம்பியை இழுக்க வேண்டும் என்று நேற்றுத்தான் கண்ணால் பார்த்தாள். அவளுடைய அம்மாவும் போனை அதே மாதிரி கட்டப் போகிறாராம், நான் அவள் கையைப் பார்க்க. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

நான்: ரொம்ப மகிழ்ச்சி சித்தி! டீபக்கிங்கை அணைத்துவிட்டீர்களா?

சித்தி: அணைத்துவிட்டேன். லேப்டாப்பிலும் மென்பொருளை மூடிவிட்டேன்.

மாமா: மாப்பிள்ளை, நானும் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தருகிறேன். நோட்டை நேராக மேலிருந்து காட்டினால் நன்றாக இருக்கும். என் பழைய போன் நாலு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. சார்ஜில் போடட்டுமா?

நான்: உடனே போடாதீர்கள் மாமா. முதலில் மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் சார்ஜ் போடவும் வேண்டாம், அழுத்தி மூடவும் வேண்டாம், பேட்டரி மாற்றுகிற கடைக்குக் கொண்டுபோங்கள். சரியாக இருந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், என்ன மாடல் என்று பார்த்துச் சொல்கிறேன்.

மாமா: தட்டையாகத்தான் இருக்கிறது. படம் அனுப்புகிறேன்.