பாட்டுப் பாடியா உரிமை வாங்கினார்கள்?

கரிசல்காரன் எழுதியது:

நேற்று வேறோர் இழையில் ஒரு நண்பர், அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு உரிமை வாங்கித் தந்ததே பாட்டுதான் என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அங்கே குறுக்கே புக மனமில்லாமல் தனி இழை தொடங்குகிறேன்.

அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில், பஸ்ஸில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து எழுந்த பஸ் புறக்கணிப்பு 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நடந்தது. அத்தனை நாள் தாக்குப்பிடிக்க வைத்தவை, முறைபோட்டு ஆட்களை ஏற்றி இறக்கிய கார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கேக்கும் பொரித்த கோழியும் விற்று அந்தக் கார்களுக்குப் பணம் திரட்டினார். முடித்து வைத்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அங்கேயும் பாடினார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கார் ஓடியது பெட்ரோலில்.

பாட்டை நம்பிய ஊரையும் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி, 1961-62. அங்கேயும் நிறப் பிரிவினையை எதிர்த்துத்தான் போராட்டம். அந்த ஊர் பாடியதுபோல எந்த ஊரும் பாடவில்லை என்பார்கள். போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். கேமரா முன்னால் தடியை எடுக்கவில்லை. பிடித்தவர்களை அக்கம்பக்கத்துக் கவுண்டி (மாவட்டம் மாதிரி) சிறைகளுக்குப் பிரித்து அனுப்பினார். அவர்கள் பாடப் பாட இவர் வண்டியில் ஏற்றிக்கொண்டே இருந்தார். 1962 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் வெறுங்கையோடு ஊரைவிட்டுப் போனார்.

நான் இருபது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவன். வாயிற்கூட்டத்தில் பாட்டு நீண்டுகொண்டே போனால், உள்ளே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஐயா, அந்தக் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் ஆல்பனியைத் தோல்விக் கணக்கில் எழுதி மூடுவதை ஏற்க முடியாது.

முதல் ஊர்வலம் முடிந்து தேவாலயத்தில் கூடியிருக்கிறார்கள். பெர்னிஸ் ஜான்சன் என்ற கல்லூரி மாணவியைப் பாடச் சொல்கிறார்கள். அவர் எடுத்தது சிறு வயதிலிருந்து பாடிய பக்திப் பாட்டு. ‘என் தலைக்கு மேலே காற்றில் துன்பம் தெரிகிறது’ என்று ஓர் அடி வரும். அந்த இடத்துக்கு வந்தபோது ‘துன்பம்’ அவர் வாயில் வரவில்லை. ‘விடுதலை தெரிகிறது’ என்று பாடிவிட்டார். இந்தப் பாட்டுகள் என்னுடையவை, எனக்கு வேண்டியதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதன்முதலில் பட்டது அப்போதுதான் என்று பின்னாளில் சொன்னார். கல்லூரி அவரை வெளியேற்றியது. மறு வருடமே அவரும் மூன்று பேரும் சேர்ந்து ‘ஃப்ரீடம் சிங்கர்ஸ்’ என்று காரில் நாடு முழுக்கப் பாடிக்கொண்டு போனார்கள். ஸ்னிக் என்ற மாணவர் அமைப்புக்கு நிதி திரட்டத்தான் போனார்கள். நீங்கள் கேட்ட பெட்ரோல் காசு, ஐயா!

கரிசல்காரன் எழுதியது:

வசூலை ஒப்புக்கொள்கிறேன். வசூலுக்குப் பாட்டு நல்ல கருவி, எங்கள் உண்டியலுக்கும் உதவியிருக்கிறது. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால்?

சுருதிப்பெட்டி எழுதியது:

அதற்கும் சாட்சி இருக்கிறது. ஆல்பனிக்குப் பக்கத்தில் டெரல் கவுண்டி. 1962 ஜூலை, சாசர் என்ற சிற்றூரில் மவுண்ட் ஆலிவ் தேவாலயம். வாக்காளர் பதிவுக்கான கூட்டம் நடக்கும்போது கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் தன் ஆட்களோடு உள்ளே வருகிறார். வெளியே வண்டிகளின் எண்களை யாரோ உரக்கப் படித்துக் குறித்துக்கொள்கிறார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நாளைக்குத் தெரிந்துவிடும் என்பது அதன் பொருள். கைவிளக்கை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு ஒரு காவலர் நிற்கிறார். உட்கார்ந்திருந்தவர்கள் ‘வி ஷால் ஓவர்கம்’ (வெல்வோம்) பாட்டை மெல்ல எடுக்கிறார்கள். குரல் நடுங்கித்தான் தொடங்குகிறது, போகப் போகக் கெட்டிப்படுகிறது. ஒருவரும் எழுந்து ஓடவில்லை. நியூயார்க் டைம்ஸ் நிருபர் கிளாட் சிட்டன் அங்கே உட்கார்ந்து எழுதிய செய்தி இது. நான் வர்ணித்துக் கட்டியது இல்லை.

கரிசல்காரன் எழுதியது:

நல்ல காட்சி. இரண்டு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர் உட்கார்ந்திருந்ததால்தான் அன்று கைவிளக்கு உள்ளங்கையோடு நின்றது. அடுத்தது, அதே தேவாலயத்தை அந்த செப்டம்பரில் எரித்துவிட்டார்கள். பாட்டு கூரையைக் காத்ததா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1964 ஏப்ரலில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் மேடையிலேயே சொன்னார், நீங்கள் அளவுக்கு மீறிப் பாடுகிறீர்கள், அதுதான் உங்கள் கோளாறு என்று.

பழைய ரேடியோ எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். மால்கம் பேரை இழுத்ததால் எழுதுகிறேன்.

அதே 1964 டிசம்பரில் ஹார்லெமில் ஒரு கூட்டம். ஃப்ரீடம் சிங்கர்ஸ் கென்யத் தலைவர் ஒகிங்கா ஒடிங்கா பேரில் ஒரு பாட்டுப் பாடினார்கள். அடுத்துப் பேச வந்த மால்கம் அந்தப் பாட்டைப் பாராட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். அவருக்குப் பாட்டோடு பகை இல்லை, ‘ஒருநாள் வெல்வோம்’ என்று நாளைத் தள்ளிப்போடும் பாட்டோடுதான் பகை.

இன்னொன்று. கரிசல்காரன் தொழிற்சங்கக்காரர் என்கிறார். அந்த ‘வி ஷால் ஓவர்கம்’ அவருடைய ஆட்களின் சொத்து. 1945 அக்டோபரில் சவுத் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டு ஆலை வேலைநிறுத்தம், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். மறியல் முடியும் நேரத்தில் லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி அதை இழுத்து இழுத்துப் பாடுவாராம். தேவாலயத்தில் ‘நான்’ என்றிருந்தது அங்கேதான் ‘நாங்கள்’ ஆனது என்பார்கள். வேலைநிறுத்தம் ஐந்து மாதம் நீடித்தது. பாட்டு நீண்டால் பேச்சுவார்த்தை முறிவு என்ற உங்கள் விதி அங்கே சரிதான், ஆனால் கலைந்து போகவில்லையே!

கரிசல்காரன் எழுதியது:

சுருட்டு ஆலை எனக்குப் புதுச் செய்தி. குறித்துக்கொண்டேன். இருந்தாலும் பாட்டு ஆளைச் சேர்க்கும் என்பதைத் தாண்டி நீங்கள் யாரும் போகவில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

சேர்க்கும் என்பதே சின்ன விஷயமா? சரி, தாண்டிப் போகிறேன்.

1962 ஆகஸ்ட் 31. மிசிசிப்பியில் பதினெட்டுப் பேர் வாக்காளராகப் பதிய ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் போகிறார்கள். பதிவு நடக்கவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்துகிறது. குற்றம் என்ன தெரியுமா, பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறதாம்! ஓட்டுநருக்கு அபராதம். உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அப்போது ஒரு பெண் குரல் பக்திப் பாட்டுகளை எடுக்கிறது. நாற்பத்து நான்கு வயது, பருத்திப் பண்ணை வேலைக்காரி. பெயர் ஃபேனி லூ ஹேமர். அன்று இரவே பண்ணை முதலாளி அவரை வெளியேற்றினார். ஸ்னிக்கின் பாப் மோசஸ் பிறகு தன் ஆளிடம், அந்தப் பாட்டுப் பாடிய அம்மாவைத் தேடிக் கூட்டிவா என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வருடத்தில் அந்த அம்மா ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் உட்கார்ந்து, சிறையில் தன்னை எப்படி அடித்தார்கள் என்று தொலைக்காட்சி வழியே நாட்டுக்கே சொன்னார். அவருடைய கல்வி ஆறாம் வகுப்பு. பட்டம், பதவி, பணம் எதை வைத்துத் தேடியிருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்.

கரிசல்காரன் எழுதியது:

இதற்கு உடனே பதில் இல்லை. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம், எனக்கு நாலு பத்தி மிச்சமாகியிருக்கும்.

ஆனால் முடிவு வேறு மாதிரி. 1965 மார்ச் 7இல் அலபாமாவின் செல்மா பாலத்தில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களின் மண்டை போலீஸ் தடியால் உடைபட்டது. எட்டு நாள் கழித்து ஜனாதிபதி ஜான்சன் நாடாளுமன்றத்தில் நின்று அதே ‘வி ஷால் ஓவர்கம்’ என்றார். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். ஜான்சன் பேச்சைக் கேட்டுக் கிங் கண் கலங்கினார் என்று, செல்மா ஊர்வலத்தை முன்நின்று நடத்திய ஜான் லூயிஸ் சொல்லியிருக்கிறார். ஸ்னிக்கின் ஜேம்ஸ் ஃபோர்மன் சொன்னது வேறு: ஒரு நல்ல பாட்டை ஜான்சன் கெடுத்துவிட்டார். நான் ஃபோர்மன் கட்சி.

ஆங்கிலத்தில் ‘வி’ ஒன்றுதான். தமிழில் மறைக்க முடியாது. சாசர் தேவாலயத்தில் பாடியது ‘நாங்கள்’. ஷெரிஃப் அதற்குள் இல்லை. ஜான்சன் சொன்னது ‘நாம்’. அடித்தவன், அடிபட்டவன், வேடிக்கை பார்த்தவன் எல்லோரும் அதற்குள்.

பழைய ரேடியோ எழுதியது:

அந்த ‘நாம்’ வந்ததால்தான் சட்டம் வந்தது. ‘நாங்கள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யார் வாக்குப் போட்டு நிறைவேற்றுவது?

சுருதிப்பெட்டி எழுதியது:

ஆல்பனியில் பாடிய பெர்னிஸ் இரண்டுக்கும் ஒப்பியிருக்க மாட்டார். ‘நாங்கள்’ என்பவர், நாளை தான் வருவாரா என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறார், ஐந்து பேரும் தனித்தனியாக ‘நான்’ என்றால் அங்கே ஐந்து பேர் இருப்பது உறுதி என்பது அவர் கட்சி.

எங்கள் சேர்ந்திசைக் குழுவில் பத்து வருடமாக ‘நாம் வெல்வோம்’ என்றுதான் பாடுகிறோம். யாரும் யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் ‘நான் வெல்வேன்’ என்று பாடிப் பார்க்கப் போகிறேன். மெட்டு இடிக்காது. முன்வரிசையில் நிற்கும் மூன்று பேர் என்ன சொல்வார்களோ, அதுதான் பயமாக இருக்கிறது.

கரிசல்காரன் எழுதியது:

எத்தனை மணிக்குப் பயிற்சி? எனக்குக் குரல் கிடையாது. பின்வரிசையில் நிற்கிறேன்.