தக்காளி கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) நகராம இருக்க பிக்கப் பாடியில் என்ன வேலை செய்யலாம்?

பாலக்கோடு பிக்கப்:
பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி லோடு. பாடி உள்ளளவு 270 × 170 செ.மீ., சைடு திறக்காது, பின் டோர் மட்டும்தான். பாரம் 1,700 கிலோ. 60 × 40 கிரேடு நீளத்துக்கு நாலு, அகலத்துக்கு நாலு போட்டால் பக்கத்தில் 10, பின்னால் 30 செ.மீ. காலியா நிக்குது. தொப்பூர் இறக்கத்துல திருப்பத்துக்குத் திருப்பம் கிரேடு நகர்ந்து அடிக்குது. தரைக்கு 12 எம்.எம். பிளைவுட் போடலாமா? கிரேடைக் கட்டுறதுக்குக் கொக்கி எங்க வைக்கிறது?

ஆங்கிள் பட்டறை:
பிளைவுட் வேண்டாம்ணா. அந்த அளவுக்கு அதுவே 35 கிலோ வரும். தக்காளிச் சாறு அடியில இறங்கித் தங்கி, தகடு துரு பிடிக்கிறது கண்ணுக்கே தெரியாது. நம்ம பக்கம் கல் உடைக்கிற கிரஷர்ல கழிச்ச கன்வேயர் பெல்ட் கிடைக்கும். 8 செ.மீ. பட்டையா நீளவாக்குல வெட்டி, ஒரு வரிசைக்கு ரெண்டு வீதம் எட்டுப் பட்டை போடுங்க. இடைவெளியில தண்ணி அடிச்சா பின் டோர் வழியா ஓடிடும்.

பக்கத்து 10 செ.மீ.க்கு ரெண்டு சைடுலயும் 5 செ.மீ. ரீப்பர் (மரச் சட்டம்) போல்ட் பண்ணா போதும். பின்னால 40 எம்.எம். சதுர பைப் ரெண்டு, கழற்றி மாட்டுற மாதிரி குறுக்கே. மிச்ச 26 செ.மீ.ல ஜாக்கி, தார்ப்பாய் வைச்சுக்கலாம்.

கொக்கி 12 எம்.எம். கம்பியை யூவா வளைச்சு 5 எம்.எம். பிளேட்ல வெல்டு வைச்சது. கிராஸ் மெம்பரை (தரைக்கு அடியில குறுக்கே போற இரும்புச் சட்டத்தை) ஒட்டி, அதைத் துளைக்காம வைங்க. தகடுக்கு அடியிலயும் ஒரு பிளேட் கொடுத்து நைலாக் நட் (அதிர்வுல தளராத நட்) போடணும். வெறும் வாஷர் போட்டா தகடு கிழியும்.

வயரிங் தருமபுரி:
துளை போடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. பிரேக் பைப், டீசல் டேங்க், வயர் எல்லாம் அங்கதான் ஓடுது. டிரில் பிட்டுல ஒரு மரத்துண்டைக் கோத்து நுனி 1 செ.மீ. மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கட்டும். துளை விளிம்புக்கு பிரைமர் அடிக்காம போல்ட் போடாதீங்க. வெல்டிங்கை வண்டிக்கு வெளியிலயே முடிச்சிடுங்க. வண்டியிலேயே வைக்கணும்னா பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்துலயே பிடிங்க. இல்லன்னா இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி) போகும்.

எடை மேடை:
யாரும் எடையைச் சொல்லல. 25 கிலோ தக்காளி, காலி கிரேடு 2 கிலோ. நாலு அடுக்கு முழுசா போட்டா 64 கிரேடு, 1,728 கிலோ. அப்பவே தாண்டுது! ஆர்.சி.யில (வண்டிப் பதிவுச் சான்றுல) மொத்த எடையில காலி எடையைக் கழிச்சு வர்ற 1,700க்குள்ள டிரைவரும் அடக்கம். ரெண்டு ஆள் 130, இந்தச் சாமான் 40 போனா 56 கிரேடுதான். மூணு அடுக்கு முழுசா, நாலாவது அடுக்கு கேபின் பக்கம் எட்டு மட்டும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதிக பாரத்துக்குச் சட்டத்துல 20,000 ரூபாய், அதுக்கு மேல டன்னுக்கு 2,000. சைடை உயர்த்தி வெல்டு வைக்கிற யோசனை இருந்தா விட்டுடுங்க, எஃப்.சி.யில (தகுதிச் சான்று சோதனையில) கேள்வி வரும்.

பாலக்கோடு பிக்கப்:
கட்டுறதுக்கு நைலான் கயிறு போதாதா?

ஆங்கிள் பட்டறை:
கயிறு ஓட ஓட இழுபடும், தளரும். 50 எம்.எம். ராட்செட் பெல்ட் (கைப்பிடியால இறுக்குற பட்டை), வரிசைக்கு ஒண்ணு. பெல்ட் கிரேடு விளிம்பை நேரா அழுத்தினா பிளாஸ்டிக் வளைஞ்சு கொடுத்து, முதல் திருப்பத்துலயே லூஸாகும். மேல குறுக்கே ஒரு ரீப்பர் வைச்சு இறுக்குங்க. தொப்பூர் இறங்குறதுக்கு முன்னாடி ஓரமா நிறுத்தி இன்னொரு தடவை இறுக்கிடுங்க.