சரிவான டிரைவ்வேக்கு உப்பா, மணலா?

கேள்வி: டொராண்டோவில் எங்கள் வீட்டு டிரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை) நல்ல சரிவு. அடுத்த வாரம் மைனஸ் 15 என்கிறார்கள். உப்புப் போடுவதா, மணலா? இரண்டையும் கலக்கலாமா?

பதில் 1: அந்தக் குளிரில் கல்லுப்பு வீண். காற்றின் வெப்பநிலையை விடுங்கள், தரையின் வெப்பநிலையைப் பாருங்கள். அது மைனஸ் 10க்குக் கீழே போனால் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, ஐஸை மிக மெதுவாகத்தான் உருக்கும். கொஞ்சம் உருகிய நீரும் திரும்ப உறைந்து வழுக்கும். கால்சியம் குளோரைடு என்ற வேறு வகை உப்பு மைனஸ் 25 வரை வேலை செய்யும், விலைதான் கூட.

பதில் 2: மணல் உருக்காது, பிடிமானம் மட்டுமே தரும். கரடுமுரடான மணலாக வாங்குங்கள். பொடி மணல் ஐஸில் புதைந்துவிடும். ஈர மணல் வாளியிலேயே கட்டிதட்டும். அதற்காக 20 பங்கு மணலுக்கு ஒரு பங்கு உப்புக் கலந்து வையுங்கள், அவ்வளவு போதும். சரிபாதி கலப்பது இரண்டையும் கெடுக்கும்: உப்பு உருக்கிய நீரில் மணல் அடித்துக்கொண்டு போய்விடும். புதுப் பனி மூடினால் மறுபடி தூவணும். வசந்தத்தில் மணலைக் கூட்டி அள்ளுங்கள், இல்லாவிட்டால் வடிகால் அடைத்துக்கொள்ளும்.

பதில் 3: எதைப் போட்டாலும் முதலில் பனியை வழித்துத் தள்ளுங்க. குளிர் குறைந்த நாளில் உப்புப் போட்டால், 20 அடி டிரைவ்வேக்கு ஒரு காபி மக், அதாவது சுமார் 350 கிராம், தாராளம். பலர் மூட்டையையே கவிழ்க்கிறார்கள்! காங்கிரீட் போட்டு ஒரு வருடம் ஆகவில்லையென்றால் மணல் மட்டும்.