மறு: கோல்ஃப் கலைச்சொல் பட்டியல்: பெனால்டி ஸ்ட்ரோக் – 'தண்ட அடி' பொருந்துமா?

> பெனால்டி ஸ்ட்ரோக்: தண்ட அடி. டிஸ்குவாலிஃபிகேஷன்: தகுதி நீக்கம். கால்பந்தில் 'தண்ட உதை' இருக்கிறதே, அதே வழியில் போகலாம்.

ஐயா, வணக்கம்.

தண்ட உதையில் ஒருவர் தவறு செய்கிறார், எதிரணி உதைக்கிறது. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்லும் கோல்ஃபில் பந்து குளத்தில் விழுந்தால் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. முடிந்தால் அங்கிருந்தே அடிக்கலாம். முடியாவிட்டால் வெளியே பந்தை விட்டு, ஓர் அடியைக் கணக்கில் ஏற்ற வேண்டும். சலுகைக்குக் கொடுக்கும் விலை அது. சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் பல ஆண்டுகள் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்த எங்கள் தெருப் பெரியவர் இதைத் தண்டனை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். அவர் வாய்ச்சொல்லிலேயே நமக்கு வழி இருக்கிறது: சலுகைக்கு ஈடாகச் சேர்க்கும் அடி. ஈடு + அடி, 'ஈட்டடி'.

மணற்குழியில் மட்டையால் மணலைத் தொட்டுச் சோதிப்பது, 14 மட்டைகளுக்கு மேல் வைத்து ஆடுவது போன்ற மீறல்களுக்கு மட்டும் 'தண்ட அடி' இருக்கட்டும்.

'தகுதி நீக்கம்' எனக்கு உறுத்துகிறது. சட்டமன்ற உறுப்பினருக்குச் சொல்லும் சொல் அது. 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். உடன் ஆடியவர், அடிகளைக் குறிக்கும் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். இவரும் பார்க்காமல் கையெழுத்திட்டார். கூடுதல் எண்ணே நின்றது. பாப் கோல்பியுடன் மறுநாள் ஆடியிருக்க வேண்டிய சமன்முறிப்பு ஆட்டம் போயிற்று. அதே கைப்பிழை, அடித்ததைவிடக் குறைவாக, 2 என்று விழுந்திருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றியிருப்பார்கள். அப்போதும் அவர் இழந்திருக்கக்கூடிய தகுதி எது? 'போட்டி நீக்கம்' என்போம். நடந்ததை மட்டும் சொல்லும், ஆளின் மேல் கறை பூசாது.

2017இல் கோல்ஃப் வீராங்கனை லெக்சி தாம்சனுக்குப் பந்தைச் சற்றே இடம் மாற்றி வைத்ததற்கு 2 தண்ட அடி. அது தெரியாமலே அட்டையில் கையெழுத்திட்டதற்கு மேலும் 2. தொலைக்காட்சி பார்த்த ஒருவரின் மின்னஞ்சலால் மறுநாள் வந்த தண்டம். அறியாமல் கையெழுத்திடுவதற்கான அந்த இரண்டாவது வகைத் தண்டத்தை 2018 தொடக்கத்தில் விதியிலிருந்தே நீக்கினார்கள். அறியாமல் செய்ததையும் ஏமாற்றையும் விதியே பிரிக்கத் தொடங்கிவிட்டபோது, நம் சொற்கள் இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றலாமா?

---

அம்மா, வணக்கம்.

'போட்டி நீக்கம்' ஏற்கிறேன். 'ஈட்டடி'யை ஈட்டி + அடி என்று ஈட்டி எறிதலோடு குழப்பிக்கொள்வார்கள். 'ஈட்டு அடி' என்று பிரித்து எழுதினால் உங்களுக்குச் சம்மதமா? சம்மதமென்றால் இன்றிரவே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.