ஆயில் மாற்றினதுக்கு அப்புறம் மைவி காரில் ஆயில் ஒழுகுது, ஆயில் விளக்கும் மின்னுது. உதவி தேவை

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
பழைய மாடல் மைவி 1.3. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். மறுநாள் காருக்கு அடியில் தேன் நிறத்தில் ஒரு தட்டு அகலத்துக்கு ஆயில். இன்று பாலிக் புலாவ் மலை ரோட்டில் ஏறும்போது வளைவில் சிவப்பு ஆயில் விளக்கு மின்னிவிட்டு அணைந்தது. ஓரங்கட்டி நிற்கிறேன். மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா?

பதில் (ஜெலுத்தோங்):
ஆயிலை வடிக்கக் கழற்றுற சம்ப் நட்டுக்குப் புது வாஷர் போட்டீங்களா? சும்மா இறுக்கிக்கிட்டே இருக்காதீங்க, மரை போயிடும்.

பதில் (பிறை):
தம்பி, ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுறதில்ல, அழுத்தத்தைக் காட்டுறது. அது மின்னுதுன்னா ஆயில் ரொம்பக் குறைஞ்சிருக்கும். வளைவில் மிச்சம் ஒரு பக்கமா ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கு.

என் சந்தேகம் ஃபில்டர் மேல. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் சில நேரம் என்ஜினிலேயே ஒட்டிக்கும். கறுப்போட கறுப்பா இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. அதுமேல புதுசை மாட்டினா ரெண்டு வளையம். முதல்ல சமத்தா இருக்கும், அழுத்தம் கூடினதும் பிதுங்கிடும்.

1985-ல, பினாங்குப் பாலம் திறந்த வருஷம், முதல் புரோட்டான் சாகா கார் வந்த வருஷம், பட்டர்வொர்த் பட்டறையில் கையாளாச் சேர்ந்தேன். எங்க தவுக்கே, அதான் முதலாளி, கழற்றின ஃபில்டரைத் திருப்பிப் பார்ப்பார். வளையம் அதில் இல்லைன்னா புதுசைக் கையில் தரமாட்டார். ஃபில்டர் உட்காருற இடத்தை விரலால் சுற்றித் தடவச் சொல்வார். இன்னிக்கும் என் விரல் தானாப் போகும்.

காரை இழுத்துட்டுப் போக டோ லாரி கூப்பிடுங்க. புது வளையத்தில் ஆயில் தடவி, ஃபில்டர் போய் உட்கார்ந்ததும் கையால் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பெனர் வேண்டாம்.

கேட்டவர்:
ஃபில்டரை இறக்கிப் பார்த்தோம் அண்ணே, ரெண்டு வளையம்தான். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் நுனிகூட நனையலை. என்ஜின் போயிருக்குமா?

பதில் (பிறை):
உடனே அணைச்சது நல்லது. தப்பிச்சிருக்கவே வாய்ப்பு அதிகம். வளையத்தைச் சரி பண்ணி, அளவா ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணுங்க. விளக்கு சில வினாடியில் அணையணும். மேலிருந்து மெல்லிசா டிக் டிக்னு வந்தா, ஆயில் ஏறினதும் அடங்கிடும். அடியிலிருந்து டொக் டொக்னு கனமா வந்து, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடுச்சுன்னா என்ஜின் பேரிங் போயிருக்கு. அப்ப அணைச்சுட்டு பட்டறைக்குத்தான் போகணும்.

கீழே கிடக்கிற ஆயிலை லோங்காங்கில் (சாக்கடையில்) கழுவி விடாதீங்க. மரத்தூள் போட்டு அள்ளுங்க, பழைய ஆயிலோட சேர்த்துப் பட்டறையில் கொடுத்திடலாம்.