தென்னை நார் மில் முதலாளிக்குப் பாதுகாப்புச் செலவைப் பணக் கணக்கில் காட்டுவது எப்படி?

கேள்வி:
பொள்ளாச்சி தாண்டி, மீனாட்சிபுரம் போகும் வழியில் ஒரு நார் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி, தூசிக்கு மாஸ்க் கேட்டேன். "அதான் இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) கட்டுறோமே" என்கிறார் முதலாளி. போன மாதம் மட்டை தள்ளும்போது ஒரு அக்காவின் முந்தானை பெல்ட்டில் சிக்கியது. பக்கத்தில் இருந்தவர் சுவிட்சை அணைத்ததால் தப்பினார். என் கை இன்னும் நடுங்குகிறது.

பதில் 1:
சகோ, நான் கஞ்சிக்கோட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வேலையில் அடிபட்டவருக்கு, வேலைக்கு வர முடியாத நாட்களில் இஎஸ்ஐ சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் தரும். சரி, நின்ற மெஷினுக்கு யார் தருவார்கள்? எங்களிடம் ஒருவர் விரல் நசுங்கியபோது இரண்டரை நாள் லைன் ஓடவில்லை. புது ஆளுக்குக் கை பழக மூன்று வாரம். லாரி வாடகை தண்டம். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கீழே மூடியின் விலையை எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு அன்றே கையெழுத்துப் போட்டார்.

பதில் 2:
தப்பிய சம்பவத்தையும் தேதியோடு எழுதுங்கள். அதுதான் முக்கியம். 1987இல் அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்தின் தலைவரான பால் ஓ'நீல், முதலீட்டாளர்களிடம் முதலில் பேசியதே தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றித்தான். அவர் காலத்தில் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன, லாபமும் ஏறியது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. இன்று ஷிப்ட் முடிந்ததும் நோட்டை ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி அந்த அக்காவின் முந்தானைதான்.